தானே முதலாளி, தானே தொழிலாளி: சுயதொழில் புரிவோரும் காப்பீடும்

மைசூரில் சுயதொழில் புரிவோரின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



1897-ஆம் ஆண்டில் இந்நகரில் அரச குடும்பத்துத் திருமணம் ஒன்று நடைபெற்றது. அவ்விழாவின்போது மூண்ட தீயில், மரத்தாலான பழைய அரண்மனை எரிந்து அழிந்தது. ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி, நாற்பது இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 1912-இல் இன்று நாம் காணும் அரண்மனை எழுப்பப்பட்டது. இழந்ததை மீண்டும் கட்ட அரசுக்குக் கருவூலம் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கும் வசதியும் இருந்தது.

அத்தீ விபத்துக்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1891-இல், மைசூர் சமஸ்தானம் தன் ஊழியர்களுக்கென ஓர் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இன்றைய கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறை அதன் வழி வந்ததே. நாட்டின் ஆயுள் காப்பீடு தேசிய உடைமையாகி எல்.ஐ.சி. தோன்றியது 1956-இல்தான். அதற்கு 65 ஆண்டுகள் முன்பே, ஓர் எழுத்தர் இறந்தால் அவர் குடும்பம் என்னவாகும் என்று இந்த ஊர் எண்ணிப் பார்த்திருக்கிறது.

அரசருக்குக் கருவூலம் இருந்தது. அரசு ஊழியருக்கு 1891 முதல் ஒரு திட்டம் இருந்தது. இவ்விரு வகையிலும் சேராதவர் நாம். நமக்குச் சம்பளம் தருவோர் இல்லை. ஆகவே நமக்காகப் பிரீமியம் கட்டுவோரும் இல்லை. நமக்கு வேண்டிய காப்பீட்டை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தேர்வை எந்த முறையில், எந்த வரிசையில் செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

யாருக்கு யார் பொறுப்பு?

மைசூரில் சுயதொழில் புரிவோர் பல வகையினர். 1969-இல் இங்கு நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த மொழிச் சூழலில், மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வாழ்வோர் உள்ளனர். கருங்காலி, ஈட்டி மரங்களில் நுண்ணிய பதிப்பு வேலை செய்யும் கைவினைஞர்கள் உள்ளனர். அவர்களுடைய கலை புவிசார் குறியீடு பெற்றது. திருமணங்களுக்குப் படம் எடுப்போர், கணினி நிரல் எழுதுவோர், வரிக் கணக்கு எழுதுவோர், வீட்டிலேயே தையல் தைப்போர், வெளிநாட்டவருக்கு யோகப் பயிற்சி அளிப்போர் எனப் பட்டியல் நீளும்.

யோகாசிரியர்களையே எடுத்துக்கொள்வோம். 1930-களில் கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகம் பயிற்றுவித்தபோது, அவருக்கு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு இருந்தது. இன்று கோகுலம் பகுதியில் வாடகைக் கூடத்தில் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு, அவருடைய மாணவர் தரும் கட்டணமே ஆதாரம். அவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டால் அன்றைய வருமானம் நின்றுவிடும்.

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. செயலிகள் வழியாக உணவு கொண்டு செல்வோருக்கும் வாகனம் ஓட்டுவோருக்கும்கூட அண்மையில் ஒரு வழி பிறந்துள்ளது. 2023-இல் இராஜஸ்தானமும், 2025-இல் கர்நாடகமும் அவர்களுக்கெனச் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டப்படி, வேலை தரும் தளங்கள் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். ஆனால் எந்தத் தளத்தையும் சாராமல், பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களிடம் நேரடியாக வேலை பெறும் மொழிபெயர்ப்பாளருக்கோ பதிப்பு வேலைக் கைவினைஞருக்கோ இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர் தானே முதலாளி, தானே தொழிலாளி. முதலாளி செய்ய வேண்டியதைத் தொழிலாளியான தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியவர்.

எதை முதலில் காக்க வேண்டும்?

ஒரு காலத்தில் தேர்வு என்ற சிக்கலே பெரிதாக இருந்ததில்லை. 1973 ஜனவரி முதல் பொதுக் காப்பீடு முழுவதும் நான்கு அரசு நிறுவனங்களின் கீழ் வந்தது. தீக் காப்பீட்டின் கட்டணமும் விதிகளும் எங்கும் ஒன்றாகவே இருந்தன. 2000-க்குப் பின் தனியார் நிறுவனங்கள் வந்தன. 2007-இல் தீக் காப்பீட்டுக் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாடும் நீங்கியது. இன்று ஒரே பெயரில் விற்கப்படும் இரு பாலிசிகளின் உள்ளடக்கம் வேறாக இருக்கலாம். ஆதலின் பெயரையும் பிரீமியத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது.

பலர் எளிதில் கிடைப்பதை முதலில் வாங்குகின்றனர். மடிக்கணினி வாங்கும்போது கடையில் தரும் காப்பீடு, கடன் வாங்கும்போது வங்கி சேர்த்துத் தரும் காப்பீடு, உறவினரான முகவர் வற்புறுத்தியதால் எடுத்த சேமிப்புப் பாலிசி. இவை தவறென்று நான் கூறவில்லை. ஆனால் இவை நம் தொழிலின் ஆபத்துகளை ஆராய்ந்து எடுத்தவை அல்ல.

ஒவ்வோர் இழப்பைப் பற்றியும் மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இது நேர்ந்தால் எவ்வளவு செலவாகும்? அச்செலவை என் சேமிப்பிலிருந்து தாங்க முடியுமா? தாங்க முடியாதெனில் மீண்டும் எழ எத்தனை மாதம் ஆகும்? கைப்பேசி உடைவது அடிக்கடி நேரும், ஆனால் தாங்கக்கூடியது. வலக்கை முறிவது எப்போதாவது நேரும். ஆனால் மூன்று மாத வருமானம் போய்விடும். சிறிய இழப்புகளை நாமே ஏற்றுக்கொண்டு, எழ முடியாத இழப்புகளுக்குக் காப்பீடு எடுப்பதே முறை. பிரீமியத்துக்கு ஒதுக்கக்கூடிய பணம் குறைவாக உள்ளோருக்கு இவ்வரிசை மேலும் இன்றியமையாதது.

அவ்வகையில் நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் உடலும் உழைப்பும், அடுத்து, செய்த வேலையால் பிறருக்கு நேரும் தீங்கிற்கான பொறுப்பு, அதற்கடுத்துக் கருவிகளும் தொழிலிடமும்.

உடலும் உழைப்பும்

1989 பிப்ரவரி 8-ஆம் நாளை இந்நகரின் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பிரீமியர் ஸ்டூடியோவில் ‘திப்பு சுல்தானின் வாள்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படப்பிடிப்புத் தொழிலில் நாட்கூலிக்கும் படத்துக்குப் படம் பேசிய ஊதியத்துக்கும் உழைப்போரே மிகுதி. அத்தகையவர் ஒருவர் மடிந்தால், அல்லது தீக்காயத்துடன் பல மாதம் படுக்கையில் கிடந்தால், அவர் வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? சுயதொழில் புரிவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே.

மிகச் சிறிய செலவில் தொடங்க இரண்டு திட்டங்கள் உள்ளன. இரண்டும் 2015-இல் வந்தவை. வங்கி அல்லது அஞ்சலகக் கணக்கு வழியாகச் சேரலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை உள்ளோர் விபத்தில் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 2 இலட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 456 ரூபாய். ஜூன் முதல் மே வரை ஓராண்டு. மே மாத இறுதியில் கணக்கில் பணம் இல்லாவிடில் புதுப்பிப்பு நின்றுவிடும். பணம் பிடிக்கப்பட்டதைப் பாஸ்புத்தகத்தில் சரிபார்த்து, இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதை வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். வீட்டார் அறியாத பாலிசியால் யாருக்கும் பயனில்லை.

எனினும் இவை தொடக்கமே. இரண்டு இலட்சம் ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும் என்பதை ஒவ்வொருவரும் கணக்கிடலாம். சார்ந்து வாழ்வோர் உள்ளவர், தம் ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு தொகைக்குச் சேமிப்புக் கலவாத தூய ஆயுள் காப்பீடு எடுப்பது நலம். மருத்துவக் காப்பீடும் கட்டாயத் தேவையே. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் சுயதொழில் புரிவோர் பெரும்பாலும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைத் தரும். வேலை செய்ய முடியாத வாரங்களின் வருமானத்தைத் தராது. அரசின் 20 ரூபாய்த் திட்டமும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. கைமுறிந்த மொழிபெயர்ப்பாளர் எட்டு வாரம் தட்டச்சு செய்ய இயலாது. அது நிரந்தர ஊனம் ஆகாது. இந்த இடைவெளியை நிரப்புவது, தற்காலிக முழு ஊனத்துக்கு வாராந்திரத் தொகை வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு. பல பாலிசிகளில், நிறுவனம் விதிக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு, காப்பீட்டுத் தொகையின் ஒரு விழுக்காட்டை வாரந்தோறும் 100 வாரம் வரை தருகின்றனர். 10 இலட்சம் ரூபாய் பாலிசியில் அது வாரத்துக்கு 10,000 ரூபாய் ஆகும். இப்பிரிவு பாலிசியில் உள்ளதா, விருப்பப் பிரிவாகச் சேர்க்க வேண்டுமா என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெளிய வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு தருவர் என்பது நாம் மெய்ப்பிக்கும் வருமானத்தைப் பொறுத்தது. ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவர், சம்பளச் சீட்டும் இல்லாதவர், தம் உழைப்பின் மதிப்பை நிறுவ வழியின்றி நிற்பர். மற்றொன்று, தொழிலின் தன்மைக்கேற்பக் கட்டணம் மாறும். எந்திர வாளால் மரம் அறுப்பவரும் மேசையருகே எழுதுபவரும் ஒரே வகுப்பினர் அல்லர். கட்டணம் குறையும் என்று தொழிலை மாற்றி எழுதினால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே தடையாகும்.

செய்த வேலைக்கான பொறுப்பு

ஒரு மருந்து நிறுவனத்துக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மாத்திரை அட்டைக் குறிப்பை மொழிபெயர்த்தார் என வைத்துக்கொள்வோம். ‘வாரம் ஒரு முறை’ என்பது ‘நாள் ஒரு முறை’ என்று தவறாக அச்சாகிவிடுகிறது. அட்டைகளைத் திரும்பப் பெறும் செலவை நிறுவனம் அவரிடம் கேட்கிறது. அவர் பெற்ற ஊதியம் சில ஆயிரம் ரூபாய். கேட்கப்படும் இழப்பீடு பல இலட்சம். இத்தகைய கவனக்குறைவுக்கான காப்பீடே ‘புரொபஷனல் இன்டெம்னிட்டி’ என வழங்கப்படும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. வழக்குச் செலவும் அதில் அடங்கும். ஏமாற்று, வேண்டுமென்றே செய்த தீங்கு ஆகியவை அடங்கா.

முன்பு இது மருத்துவர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் நிலவியது. 1995-இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2024-இல் அதே நீதிமன்றம், வழக்கறிஞர் தொழில் அச்சட்டத்துக்கு உட்படாது என்று கூறியது. ஆனால் கட்டணம் பெற்றுச் சேவை செய்யும் பிறருக்கு இவ்விலக்கு தானாகக் கிடைத்துவிடாது. திருமணப் படங்களைத் தொலைத்துவிட்ட நிழற்படக்காரர் மீது மணமக்கள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வணிகத்துக்காக வேலை வாங்கிய நிறுவனமோ ஒப்பந்தச் சட்டப்படி வழக்குத் தொடரலாம்.

இவ்வகைப் பாலிசியில் மூன்று செய்திகளை நுணுகிப் பார்க்க வேண்டும். முதலாவது, இது பெரும்பாலும் தவறு நேர்ந்த ஆண்டைப் பொறுத்ததன்று. கோரிக்கை வந்த ஆண்டைப் பொறுத்தது. மூன்றாண்டு பாலிசி வைத்திருந்து நான்காம் ஆண்டில் விட்டுவிட்டால், பழைய வேலைக்காக அப்போது வரும் கோரிக்கைக்குப் பாதுகாப்பு இராது. இரண்டாவது, எந்தத் தேதிக்குப் பின் செய்த வேலைகள் அடங்கும் என்ற முன்தேதி பாலிசியில் குறிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் மாறும்போது அத்தேதி முன்பிருந்தபடியே தொடருமாறு கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவது, ஒரு நிகழ்ச்சிக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஆண்டு முழுமைக்கும் எவ்வளவு என்பவை வெவ்வேறாக இருக்கலாம்.

இது எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. கதைகளை மொழிபெயர்ப்பவருக்கு இந்த ஆபத்து சிறிது. மருத்துவ, சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவருக்கும், வங்கிக்கு நிரல் எழுதுபவருக்கும், பிறர் வரிக் கணக்கைக் கையாளுபவருக்கும் அது பெரிது. எல்லையற்ற இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்குமாறு சில ஒப்பந்தங்கள் கூறும். அவ்வரியைப் படியாமல் கையொப்பமிடுவோர் பலர். ‘நான் பெற்ற ஊதிய அளவுக்கு மேல் பொறுப்பேற்கேன்’ என்று ஒரு வரியை எழுதிச் சேர்க்க வாடிக்கையாளரை இசையச் செய்தால், அதற்குப் பிரீமியம் ஏதுமில்லை.

வருவோர் போவோர் உள்ள இடத்தில் வேறொரு பொறுப்பும் உண்டு. பயிற்சிக் கூடத்தின் ஈரத் தரையில் மாணவர் வழுக்கி விழுந்தால், அது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுக்கு உரியது. ஆசிரியர் தவறாகப் பிடித்துத் திருப்பியதால் தசை கிழிந்தால், அது தொழில்முறைப் பொறுப்புக்கு உரியது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் அதில் அடங்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

உதவிக்கு ஓர் ஆளை வேலைக்கு அமர்த்திக்கொண்டால் நிலை மேலும் மாறும். வேலையின்போது தொழிலாளிக்கு நேரும் காயத்துக்கு இழப்பீடு தருவது வேலைக்கு வைத்தவரின் கடமை என்ற நெறியை 1923-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்நெறி தொடர்கிறது. பட்டறையில் துணைக்கு ஓர் இளைஞரை அமர்த்தும் கைவினைஞர், அந்நாளிலேயே இதற்கான காப்பீட்டையும் விசாரிக்க வேண்டும்.

கருவிகளும் தொழிலிடமும்

இந்நகரின் பழங்கட்டடங்களில் தொழில் செய்வோருக்கு நான் விளக்கவேண்டியது அதிகமில்லை. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நால்வர் மாண்டனர். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. 2018, 2019 மழைக்காலங்களில் கபினி பெருக்கெடுத்து நஞ்சன்கூட்டுப் பகுதி வெள்ளத்தில் மிதந்தது.

சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி நடைமுறையில் உள்ளது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத தொழில்களுக்கு இது உரியது. தீ, மின்னல், வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் முதலியவற்றால் நேரும் சேதம் இதில் அடங்கும். ஆனால் கட்டடம் பழமையால் தானே இடிந்து விழுவதும், பூட்டை உடைத்துத் திருடுவதும் வேறு செய்திகள். முன்னதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். பின்னதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

வீட்டிலேயே தொழில் செய்வோர் இவ்விடத்தில் ஏமாறுவதுண்டு. எனக்குத் தெரிந்த நிழற்படக் கலைஞர் ஒருவர், தீயும் திருட்டும் அடங்கிய வீட்டுப் பாலிசி வைத்திருந்தார். திருட்டில் இரண்டு கேமராக்களும் வில்லைகளும் போயின. அவை வீட்டுப் பொருள்கள் அல்ல, வருமானம் ஈட்டும் கருவிகள் என்று கூறி இழப்பீடு மறுக்கப்பட்டது. பாலிசியை எடுத்துப் படித்தோம். விதி அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. ஆறு ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டியவர், அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முறை படித்தார். முகூர்த்த மாதங்கள் இரண்டை வாடகைக் கேமராவுடன் கழித்தார்.

கணினிக்கும் கேமராவுக்கும் மின்னணுக் கருவிக் காப்பீடு, அனைத்து ஆபத்துக் காப்பீடு என்பன உள்ளன. கருவியை வெளியூர் எடுத்துச் செல்வோர், ஊருக்கு வெளியிலும் பாதுகாப்பு உண்டா, ஆளில்லாத வாகனத்தில் வைத்திருந்தபோது திருடு போனால் தருவார்களா என்று கேட்க வேண்டும். கைவினைஞர், முடித்து வைத்த பொருளை அடக்க விலைக்கு மதிப்பிடுவார்களா, விற்பனை விலைக்கா என்று கேட்க வேண்டும். ஈட்டி மரத்தின் விலையைவிட, அதன்மேல் செலவான மாதக்கணக்கான உழைப்பின் மதிப்பு பெரிதல்லவா?

காப்பீட்டுத் தொகையைக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதன் விளைவைக் கணக்கால் காட்டுகிறேன். பட்டறையின் உண்மை மதிப்பு 8 இலட்சம். காப்பீடு செய்தது 4 இலட்சம். தீயில் 2 இலட்ச ரூபாய்ப் பொருள் போயிற்று. பாலிசித் தொகை 4 இலட்சம் இருப்பதால் 2 இலட்சமும் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கிடைப்பது 1 இலட்சமே. பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவர், மறுபாதிக்குத் தாமே பொறுப்பேற்றவராகக் கருதப்படுவார். சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. 8 இலட்சத்துக்கு 7 இலட்சம் எழுதியவருக்குக் குறை நேராது. 4 இலட்சம் எழுதியவருக்கு நேரும்.

வங்கிக் கடனில் கருவி வாங்கியோர் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வங்கி எடுத்த பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள முகவரி நம் தற்போதைய தொழிலிட முகவரிதானா, பொருள் விவரம் முழுமையானதா என்று பாருங்கள். பட்டறையை மண்டி மொகல்லாவிலிருந்து வேறு பகுதிக்கு மாற்றிவிட்டுப் பாலிசியில் பழைய முகவரியையே விட்டிருந்தால், புதிய இடத்தில் நேரும் இழப்புக்கு வழக்காட வேண்டிவரும்.

படிவத்தில் எழுதும் உண்மை

காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மீது நிற்பது. விற்பவர் கேளாதிருந்தாலும், ஆபத்தை மதிப்பிடத் தேவையான உண்மையைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு உண்டு. நீரிழிவு நோய், புகைப்பழக்கம், பட்டறையில் வைத்திருக்கும் மெருகெண்ணெய் எதையும் மறைக்கலாகாது. முகவர் படிவத்தை நிரப்பினாலும் கையொப்பம் நம்முடையது. நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

மறந்துபோன சிறு செய்திக்காக வாழ்நாள் முழுதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயுள் பாலிசியை மூன்றாண்டு கடந்தபின் எக்காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க இயலாது என்பது 2015-இல் திருத்தப்பட்ட சட்டம். மருத்துவப் பாலிசிக்கு, தொடர்ந்து ஐந்தாண்டு கட்டியபின், மெய்ப்பிக்கப்பட்ட மோசடிக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது 2024 முதல் உள்ள விதி. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. நோய் வருமுன், இளமையிலேயே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பிரீமியம் முன்னதாகச் செலுத்தப்பட்டாலன்றிப் பொறுப்புத் தொடங்காது என்பதும் சட்டம். ‘நாளை கட்டுகிறேன்’ என்று முகவரிடம் சொன்ன இரவில் நேர்ந்த தீக்கு யாரும் பொறுப்பல்லர். ஆயுள், மருத்துவப் பாலிசிகளைப் பெற்றபின் 30 நாள்களுக்குள் படித்துப் பார்த்து, வேண்டாமெனில் திருப்பித் தரலாம். அந்த 30 நாளை வீணாக்காதீர்கள்.

இழப்பு நேர்ந்தபின்

இழப்பு நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தீயாயின் தீயணைப்புத் துறையின் அறிக்கையும், திருட்டாயின் காவல்துறைப் பதிவும் தேவை. சர்வேயர் வந்து பார்க்குமுன் சேதமான பொருளை அப்புறப்படுத்தலாகாது. மேலும் சேதமாகாமல் காப்பதும் நம் கடமையே. வாங்கிய ரசீதுகளின் படங்களையும், பட்டறையின் படங்களையும் அந்த இடத்தில் அல்லாது வேறோரிடத்தில் சேமித்து வைப்பது நலம். எரிந்த பெட்டிக்குள் இருந்த ரசீது எதையும் மெய்ப்பிக்காது.

இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனை அணுகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூரில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க ஆணையிடலாம். தனி உரிமையாளர் நடத்தும் தொழிலும் நுண்தொழிலும் அங்கு முறையிடலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத உரிமை.

கூட்டாகச் செய்யக்கூடியது

இதுவரை தனி மனிதர் செய்ய வேண்டியதைக் கூறினேன். எனினும் பத்தாயிரம் ரூபாய் மாத வருமானம் உள்ள தையற்காரரிடம் ஐந்து பாலிசிகள் எடுக்கச் சொல்வது அறிவுரை ஆகாது. அவரை அறியாமல் பேசுவதாகும். அத்தகையோருக்குக் கூட்டு முயற்சியே வழி.

1972-இல் எலா பட் அம்மையார் அகமதாபாதில் தொடங்கிய சுயதொழில் மகளிர் சங்கமான சேவா, 1992 முதல் தன் உறுப்பினர்களுக்குக் காப்பீட்டு ஏற்பாடு செய்துவந்தது. பின்னர் அதுவே கூட்டுறவு அமைப்பாக வளர்ந்தது. நம் மாநிலத்திலேயே 2003-இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குச் சிறு தொகையில் அறுவை சிகிச்சைக்கு வழிசெய்தது. 2018-இல் நின்றுபோன அது, 2022-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. தனித்தனியே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கதவைத் தட்டினால் கிடைக்காத விதிகள், ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கின்றன என்பதே இவற்றின் பாடம். காப்பீட்டுக்காக மட்டுமே ஒரு குழுவை உருவாக்குவதை விதிகள் ஏற்பதில்லை. ஆனால் தொழில் நோக்கில் முன்பே இயங்கும் கைவினைஞர் சங்கமும் நிழற்படக்காரர் சங்கமும் குழுப் பாலிசி கேட்பதற்குத் தடையில்லை. வாராந்திர ஊனத் தொகையை அதில் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

அரசும் சிந்திக்க வேண்டியது உண்டு. தளங்கள் வழியாக உழைப்போருக்கு நிதி திரட்ட, கட்டணம் செலுத்தும் தளம் ஒன்று கண்முன் நின்றது. தளம் ஏதுமின்றி உழைப்போருக்கு அவ்வாறு எவரும் இல்லை. அவர்களும் தம் பங்கைச் செலுத்தி, அரசும் ஒரு பங்கைச் சேர்க்கும் ஏற்பாடு வேண்டும். 1891-இல் ஊழியர் நலனைக் கருதிய மரபு இம்மண்ணுக்கு உண்டு. அதனை விரிவுபடுத்தக் கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

நண்பர்களே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். என் கை மூன்று மாதம் ஓய்ந்தால் வீட்டுக்கு எவ்வளவு தேவை, நான் செய்த வேலையில் பெருந்தவறு நேர்ந்தால் எவ்வளவு கேட்பார்கள், என் கருவிகளை இன்று புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்று மூன்று தொகைகளை எழுதுங்கள். அதன் அருகில், இப்போது உங்களிடம் உள்ள பாலிசிகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தரும் என்பதை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் வாங்க வேண்டிய காப்பீடு. அத்தாளுடன் முகவரிடம் செல்லுங்கள். பாலிசிகளை எங்கு வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.